அட்டைக்குப் பின்னால் நான்கு பேர்

மார்ச் 3

அன்பு மருமகள் மூக்குறிஞ்சிக்கு,

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். சொன்னேனா இல்லையா? உன் அத்தையைக் கேள். "நீங்க எதைத்தான் சொல்லல" என்பாள். அதுவும் ஒரு சாட்சிதான். நீ ரயில் ஏறிய அன்று, உன் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே சொன்னேன்: "ஒரு நாள் உன் மனசு லேசாகும், பாரு. சிரிப்ப, சாப்பிடுவ, நிம்மதியா தூங்குவ." ரயில் நகர்ந்துவிட்டதால் உன் காதில் விழுந்திருக்காது.

இப்போது நீயே எழுதுகிறாய், ஏழு வருடம் கழித்து நன்றாகத் தூங்குகிறாயாம். சந்தோஷம். ஆனால் அதற்குக் காரணம் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறாய் பார், அங்கேதான் இடிக்கிறது. வெள்ளிக்கிழமை ஜெபமாம். ஒரு நர்ஸாம். பால் வண்டி ஓட்டுகிறவராம், அவருக்கு ஹாரன் என்று பட்டப்பெயராம். செருப்புக் கடைப் புருஷன் பெண்டாட்டியாம். "இந்த நாலு பேர் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ மாமா" என்று ஒரு வரி. அதை மூன்று தரம் படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நாலாவது தரம் படித்தேன். நாலு பேரில் நான் இல்லை.

இந்த ஏழு வருடத்தில் உனக்கு இருநூறு கடிதம் எழுதியிருப்பேன். (அத்தை "முப்பது" என்கிறாள். அவளுக்கு ஞாபக மறதி.) உன் அம்மா, என் கூடப்பிறந்தவள், ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் பக்கத்தில் இருந்தவன் யார்? நீ இரண்டு நாள் தாமதமாக வந்து நின்றபோது, "அவ வரமாட்டா, அவ வரமாட்டா"ன்னு மூணு தரம் சொல்லிட்டுத்தான் உங்கம்மா கண்ணை மூடினா என்று, கூட்டாமல் குறைக்காமல் வந்து சொன்னவன் யார்? வேறு ஆளாக இருந்தால் மறைத்திருப்பான். நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

பக்தி விஷயத்தில் உனக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் என்னைக் கேள். ஞாயிறு தவறாமல் முன் வரிசையில் உட்காருகிறவன் நான். பேழை கட்டியவரை மீன் விழுங்கியது முதல் எல்லாம் தெரியும். ஆறாம் வகுப்பை இரண்டு தரம் படித்தவன், கூட்டினால் பன்னிரண்டு.

போனில் பேசலாம் என்கிறாய். போனில் உன் குரல் தகர டப்பாவுக்குள் போன தவளை மாதிரி கேட்கிறது. எழுது. அந்த நாலு பேரோடு ஒரு படம் எடுத்து அனுப்பு. மூஞ்சிகளைப் பார்க்க வேண்டும். நானே சட்டம் போட்டுத் தருகிறேன். இந்த நகரத்தில் என்னைப் போலப் படத்துக்குச் சட்டம் போட ஆள் கிடையாது என்பது உனக்கே தெரியும்.

உன் ஒரே தாய்மாமன்


மார்ச் 11

மாமாவுக்கு,

மீன் விழுங்கியது வேறு ஒருவரை. பேழை கட்டியவர் உலர்ந்த இடத்தில் சௌகரியமாக இருந்தார்.

படம் இத்துடன் இருக்கிறது. நர்ஸ் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை. இடது ஓரத்தில் செருப்புக் கடை அண்ணனும் அண்ணியும், நடுவில் நான், என் தோளில் கை வைத்திருப்பவர் நர்ஸ் அக்கா, வாயைத் திறந்துகொண்டு இருப்பவர் ஹாரன் அண்ணன். அவர் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும்.

அவர்கள் எனக்கு என்ன செய்தார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

எங்கள் சலவை ஆலையில் படுக்கை விரிப்புகளை அழுத்தித் தள்ளும் ஒரு பெரிய உருளை இயந்திரம் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு சத்தம். ஏழு வருடமாக அந்தச் சத்தம் எனக்கு "அவ வரமாட்டா, அவ வரமாட்டா" என்றுதான் கேட்டது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். திருவிருந்துக்கு, அப்பமும் ரசமும் வாங்க, எல்லோரும் எழுந்து போகும்போது நான் உட்கார்ந்தே இருப்பேன். பெற்றவள் மன்னிக்காமல் போனவளுக்கு அங்கே என்ன வேலை என்று நினைப்பேன்.

இவர்கள் கூட்டத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. வெள்ளிக்கிழமை ஒருவர் தன் பாரத்தைச் சொல்வார். மற்றவர்கள் புத்தி சொல்லக் கூடாது. கேள்வி கேட்கலாம், அதுவும் ஆளுக்கு ஒன்றுதான். பிறகு ஜெபம், பிறகு தேநீர். என் முறை வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். "உன் மேல தப்பே இல்ல" என்று ஒருவரும் சொல்லவில்லை மாமா. அதுவரை எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், எனக்கு அது ஒட்டவே இல்லை. ஹாரன் அண்ணன் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "உங்கம்மா மன்னிக்கலன்னே வெச்சுக்குவோம். இயேசு மன்னிச்சா அதைக் கையில வாங்கிக்குவியா, இல்ல அதுவும் வேணாமா?" கேட்டுவிட்டு அவரே சத்தமாக மூக்கைச் சிந்தினார். நர்ஸ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, இவ கதவுகிட்டயே நிக்கிறா, உள்ள கூப்பிடுங்க" என்று மட்டும் ஜெபித்தார். அந்த மன்னிப்பை நான் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வேலையில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன். உருளை வெறும் உருளைச் சத்தம் போட்டது.

ஏப்ரல் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை, சபையின் முன் நின்று சாட்சி சொல்லப் போகிறேன். அன்றைக்குத் திருவிருந்து எடுப்பேன்.

அம்மாவின் படத்துக்குச் சட்டம் போட்டாயிற்றா? போன வருடமே கேட்டேன்.

மருமகள்


மார்ச் 15

அன்பு மருமகளுக்கு,

படம் வந்தது. பார்த்தேன். உன்னைத் தவிர எடுப்பான முகம் ஒன்றும் இல்லை. அந்த நர்ஸுக்குக் கண் ரொம்பக் கூர்மை. அப்படிப்பட்டவர்களை நான் கடைப் படியில் ஏறும்போதே கண்டுபிடித்துவிடுவேன். சட்டத்தில் மூலை சேராத இடத்தைத் தேடுகிற ரகம். ஹாரன் என்பவர் ஒரு கேள்வி கேட்டாராம், நீ விடுதலை ஆகிவிட்டாயாம். அந்தக் கேள்வியை நான் எத்தனையோ வருடம் முன்பே மனதுக்குள் கேட்டுவிட்டேன். மூக்கைச் சிந்தாததால் எடுபடவில்லை போலிருக்கிறது.

சிரிப்புக்குச் சொன்னேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. அவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டார்கள். நான் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் நின்றேன். ஆறாம் நாள் உன் அம்மாவுக்கு மூச்சு இழுத்தது. டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். நான்தான், "யோசிக்காதீங்க சார், குழாயைப் போடுங்க" என்றேன். தொண்டைக்குள் இறக்கி, வாயோரத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். கடைசி மூச்சு வரைக்கும் அந்தக் குழாய் இருந்ததால்தான் மூன்று நாள் கூடுதலாகத் தாங்கினாள். டாக்டர் என் தோளைத் தட்டி, "நீங்க படிச்சிருந்தா எனக்கு இங்க வேலை இருக்காது" என்றார். இதெல்லாம் உன் சாட்சியில் வர வேண்டாமா? ஹாரன் வருவார், செருப்புக் கடை வரும், தாய்மாமன் வர மாட்டானா? சபை முன்னால் என்னைப் பற்றி நாலு வரி சொல். நாலு பேருக்கு ஒரு வரி வீதம் போனாலும் எனக்கு நாலு.

உங்கள் படத்துக்கு என் கையாலேயே சட்டம் போட்டுப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தேக்கு. உன் அம்மாவின் படத்துக்குத் தகுந்த மரம் இன்னும் அமையவில்லை. அமைந்ததும் போடுகிறேன்.

தாய்மாமன்

அத்தை எழுதச் சொன்னது: "உங்க மாமாவோட பேனாவுக்கு மூடியே கிடையாது, பாதிய தள்ளிட்டுப் படி."


மார்ச் 24

மாமாவுக்கு,

சட்டம் வந்து சேர்ந்தது. மரம் அழகு. ஆனால் படத்தின் மேல் வைக்கும் அந்த வெள்ளை அட்டை இருக்கிறதே, நடுவில் ஜன்னல் வெட்டி வைப்பீர்களே, அந்த ஜன்னலை என் முகத்தின் அளவுக்கு மட்டும் வெட்டியிருக்கிறீர்கள். மற்ற நாலு பேரும் அட்டைக்குப் பின்னால் போய்விட்டார்கள். என் தோளில் நர்ஸ் அக்காவின் இரண்டு விரல் மட்டும் தெரிகிறது.

முப்பது வருடத் தொழிலில் உங்களுக்கு அளவு தவறாது. அதனால் கை தவறியது என்று எழுதாதீர்கள்.

வெள்ளிக்கிழமை அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஹாரன் அண்ணன் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாம பின்னாடிதான் இருக்கோம், பத்திரமா இருக்கோம். தூசி படாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உங்களைக் குறை சொல்லி ஒருவர்கூடப் பேசவில்லை. அண்ணி மட்டும், "உங்க மாமாவுக்கு உன்மேல அவ்வளவு பாசமா?" என்றார்.

சாட்சியை எழுதி வைத்திருக்கிறேன். உங்களையும் சேர்த்துவிட்டேன். அந்த இடத்தை மட்டும் நகல் எடுக்கிறேன்:

"அம்மா சாகக் கிடப்பதாக மாமா போன் செய்தார். நான் நம்பவில்லை. இரண்டு நாள் கழித்துப் புறப்பட்டேன். நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. மாமா ஒன்பது நாளும் அம்மாவை விட்டு நகரவில்லை. மூச்சுக்குழாய் போடச் செய்ததும் அவர்தான். 'அவ வரமாட்டா' என்று அம்மா மூன்று முறை சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவரும் அவர்தான்."

ஏன் நம்பவில்லை என்பதை நான் எழுதவில்லை மாமா. அம்மாவின் கணுக்கால் சுளுக்கிய போது "கால் போயிடுச்சு" என்று போன் செய்தீர்கள், ஓடி வந்தேன். ஜலதோஷத்துக்கு "மூச்சு நின்னுடுச்சு" என்றீர்கள், ஓடி வந்தேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சாட்சியிலும் சொல்ல மாட்டேன்.

இதைப் படித்துக் காட்டியபோது நர்ஸ் அக்கா தன் ஒரு கேள்வியைக் கேட்டார். "அந்தக் குழாயை எப்ப எடுத்தாங்க?" மாமா கடைசி வரை இருந்ததாக எழுதியிருக்கிறார் என்றேன். அக்கா எழுந்து போய்த் தேநீர் போட்டார். தொண்டையில் குழாய் இருந்தால் பேச முடியாதாமே. செருப்புக் கடை அண்ணன்தான் பிறகு சொன்னார்.

எதை எழுத, மாமா? குழாயையா, வார்த்தையையா?

மருமகள்


மார்ச் 28

மருமகளுக்கு,

அந்த நர்ஸ் ஏதாவது கிளறுவாள் என்று நான் படத்தைப் பார்த்ததுமே சொன்னேன். உனக்கு என்மேல் இருக்கிற மரியாதை அவர்கள் கண்ணை உறுத்துகிறது. பொறாமை. வேறொன்றும் இல்லை.

கடைசி நாள் இரண்டு நிமிடம் குழாயை எடுத்தார்கள். சுத்தம் செய்ய. அந்த இரண்டு நிமிடத்தில்தான் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன், கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டரும் கேட்டார். அவர் கண்ணில் தண்ணீர். அப்போது ஜன்னல் ஓரம் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. போதுமா?

ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? அங்கே இருந்தவன் நான். எழுதியபடியே படி.

அட்டை விஷயத்தில் கை தவறிவிட்டது.

தாய்மாமன்


ஏப்ரல் 2

மாமாவுக்கு,

எழுதியபடியே படிக்கிறேன். அங்கே இருந்தவர் நீங்கள். உங்கள் வார்த்தைக்கு மேல் நான் யாரைப் போய்க் கேட்பது?

நான் இனி உங்களைத் தோண்டித் தோண்டிக் கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டாம் என்று சொன்னவர் நர்ஸ் அக்காதான். உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன், தன்னைப் பற்றி எழுதியிருந்ததையும் படித்தார். கோபம் வரும் என்று பார்த்தேன். "பாவம்" என்றார். அப்புறம், "உங்க மாமாகிட்ட யாராவது கேட்டாங்களா, அந்த ஒன்பது நாளும் அவர் தூங்கினாரா, சாப்பிட்டாரான்னு? நான் வார்டுல பாத்திருக்கேன். படுக்கையில இருக்கறவங்கள எல்லாரும் விசாரிப்பாங்க. பெஞ்சுல இருக்கறவங்கள ஒருத்தரும் விசாரிக்க மாட்டாங்க" என்றார்.

அன்று முழுவதும் வேலையில் அதுவே மனதில் ஓடியது. நான் வந்து இறங்கியதும் எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நீங்கள் வாசல் ஓரம், கசங்கிய சட்டையோடு, பிளாஸ்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் உங்களைத் தாண்டித்தான் உள்ளே போனேன். ஏழு வருடத்தில் ஒரு கடிதத்தில்கூட நான் இதைக் கேட்டதில்லை.

தூங்கினீர்களா மாமா? யார் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா அப்படிச் சொல்லியே இருந்தாலும், அது இப்போது என்னைக் கட்டிப்போடுவதில்லை. நான் வாங்கிக்கொண்டதை யாரும் திருப்பி வாங்க முடியாது. நீங்கள் எதற்கும் பயப்பட வேண்டாம். சாட்சி பன்னிரண்டாம் தேதி.

மருமகள்


ஏப்ரல் 6

அன்பு மருமகள் மூக்குறிஞ்சிக்கு,

முதலில் வேலை விஷயம். புது அட்டை வெட்டி அனுப்பியிருக்கிறேன். பழையதை எடுத்துவிட்டு இதை வை. ஐந்து முகமும் தெரியும். ஹாரனின் வாய் பெரிதாக இருப்பதால் அந்தப் பக்கம் அரை விரல் கூட்டி வெட்ட வேண்டியிருந்தது. நர்ஸ் அம்மாவின் கண்ணை நன்றாகத் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

அத்தை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, ஒரு மணி நேரமா ஒரு பத்திதான் ஆகியிருக்கு? உடம்புக்கு என்ன?" என்கிறாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ கேட்டதற்குப் பதில் எழுத வேண்டும்.

தூங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தே கண்ணை மூடுவேன், யாராவது நடந்தால் திறப்பேன். அத்தைக்கு அப்போது காய்ச்சல், அவளால் வர முடியவில்லை. கேன்டீனில் ரொட்டியும் தேநீரும் வாங்கிக்கொள்வேன். ஒன்பது நாளும் அதுதான்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இல்லை, மழை இல்லை. வெயில். அடித்துவிட்டால் கடிதம் அசிங்கமாகும், அப்படியே இருக்கட்டும். வெயில்தான். நான் கேன்டீனுக்குப் போனேன். ஒரு தேநீர் குடித்தேன். கேன்டீன்காரர், "நீங்க என்ன தொழில் பாக்கறீங்க?" என்று கேட்டார். மருமகளே, ஒன்பது நாளில் என்னைப் பற்றி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆரம்பித்துவிட்டேன். தேக்கு, மூலை சேர்ப்பது, கடைக்கு வந்த பெரிய மனிதர்கள், எல்லாம். இரண்டாவது தேநீரும் குடித்தேன். முக்கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தபோது முகத்துக்கு மேல் துணியை இழுத்துவிட்டிருந்தார்கள்.

நான் பக்கத்தில் நிற்கவில்லை. கையைப் பிடிக்கவில்லை. குழாய் போடச் சொன்னதும் நான் இல்லை. டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டினார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். குழாயை இரண்டு நிமிடம் எடுத்ததாக எழுதியதும் பொய். புறாவும் கிடையாது.

இரண்டு நாள் கழித்து நீ வந்தாய். எல்லோரும் உன்னைக் கட்டிக்கொண்டார்கள், "பாவம், பெத்தவ முகத்தைக்கூடப் பாக்கல" என்று. உயிர் போகும்போது நானும்தான் பார்க்கவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது? ஒன்பது நாள் காத்திருந்து தேநீர்க் கடையில் கோட்டைவிட்டவனை யார் கட்டிக்கொள்வார்கள்? அன்றைக்கு உன்மேல் வந்தது பொறாமைதான். வேறு பேர் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவள் கடைசியாக என்னிடம் ஏதோ சொன்னாள் என்று ஒன்று இருந்தால், எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள் என்று தோன்றியது. வாயைத் திறந்தேன். திரும்பினார்கள். நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். எழுப்பி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் உன் பெரியம்மா என் தோளைத் தடவி, "நீயாவது கூட இருந்தியே" என்று சொல்லிவிட்டாள்.

நீ வராததற்குக் காரணமும் என் வாய்தான். சுளுக்கையும் ஜலதோஷத்தையும் நீ ஏழு வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாய். அதைப் படித்த பிறகு எனக்கு இரண்டு நாள் கடையில் கை ஓடவில்லை.

அம்மா படத்துக்கு மரம் அமையவில்லை என்று எழுதிக்கொண்டே இருந்தேன் அல்லவா? கடை முழுக்க மரம்தான். அந்தப் படத்தை எடுத்து மேசையில் வைத்தால் அவள் என்னையே பார்ப்பாள். மடித்த காகிதத்துக்குள் ஏழு வருடமாக வைத்திருந்தேன். நேற்று எடுத்துச் சட்டம் போட்டுவிட்டேன். சாதாரண மரம். மாட்டியிருக்கிறேன்.

நர்ஸ் அம்மாவைப் பற்றித் தப்பாக எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அப்படி ஒருவர் என்னை விசாரித்தார் என்பதை அத்தையிடம் படித்துக் காட்டினேன், பாதிக்கு மேல் அவளையே படிக்கச் சொன்னேன். உனக்குக் கிடைத்த மாதிரி நாலு பேர் எனக்கு அந்த பெஞ்சில் கிடைத்திருந்தால் என்று நினைக்கிறேன். இதுவும் பொறாமைதான். எழுதிவிட்டேன், கொஞ்சம் லேசாக இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை நான் வந்தால் இடம் கொடுப்பார்களா என்று கேட்டுச் சொல். எனக்குக் கேள்வி எதுவும் வேண்டாம். ஓரமாக உட்கார்ந்திருப்பேன்.

சாட்சியில் என்னைச் சேர் என்று கேட்டேன். சேர். மாமா பொய் சொன்னார் என்று சேர். நாலு வரி வேண்டாம், ஒன்று போதும்.

உன் அம்மா என்னிடம் கடைசியாகப் பேசியது ஆறாம் நாள் காலை, குழாய் போடுவதற்கு முன்னால். "கால் குளிருது. போர்வைய இழுத்து விடு" என்றாள். இழுத்து விட்டேன். அவ்வளவுதான். இதற்குக் கீழே, "அவளை நல்லா பாத்துக்கோன்னு சொன்னா" என்று ஒரு வரி சேர்க்கக் கை பரபரக்கிறது. சேர்த்தால் உனக்கு ஆறுதலாக இருக்கும், நீயும் நம்புவாய். சேர்க்கவில்லை. உன்னைப் பற்றி அவள் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. கால் குளிர்ந்தது, அதைத்தான் சொன்னாள்.

"அவ வரமாட்டா" என்பது நானாகச் சேர்த்தது.

மாமா